கொசுவம் பிடிக்க ஓர் ஆள்

எங்கள் பாடப்புத்தகத்தில் உடை உடுத்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. ஒரு பக்கம் கை விளங்காதவர் சட்டை போடுவது எப்படி, பட்டன் மாட்டுவது எப்படி என்று தொடங்கி காலுறை, ஷூ லேஸ் வரைக்கும் படம் போட்டு விளக்கியிருப்பார்கள். அதை மதுரையில் உட்கார்ந்து படித்தோம். சேலையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. அந்தக் குறை எனக்கு உறைத்ததே இறுதியாண்டில், ஒரு பெண்மணி என் முன்னால் உட்கார்ந்து சேலை கட்டக் கற்றுக்கொடு என்று கேட்ட பிறகுதான்.

நான் படித்தது ஆக்குபேஷனல் தெரபி. அது என்ன படிப்பு என்று கேட்காத சொந்தக்காரர் எனக்கு இல்லை. சமயநல்லூரில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா, "பிசியோ மாதிரி" என்று சொல்லி முடித்துவிடுவார். "மாதிரி எல்லாம் இல்ல" என்று நான் அடுப்படியிலிருந்து கத்துவேன். நோயில் கிடந்து எழுந்தவர் பல் தேய்க்க, சாப்பிட, உடுத்த, வேலைக்குப் போக மறுபடி பழக்கிவிடுவது எங்கள் வேலை. கேட்க லேசாக இருக்கும். பழக்கிப் பார்த்தால் உயிர் போகும்.

நர்ஸிங்குக்கு விண்ணப்பித்து இடம் கிடைக்காமல் இதில் சேர்ந்தவள் நான். முதல் வருடம் முழுக்க அந்த மனக்குறை இருந்தது. அதே வளாகத்தில்தான் நர்ஸிங் கல்லூரியும். விடுதி இரண்டுக்கும் பொது என்பதால் என் அறைத்தோழி நர்ஸிங் மாணவியாக அமைந்தாள். தினமும் அவளுடைய வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விடுவேன். அவள் அலங்காநல்லூர்க்காரி. சின்ன வயதிலிருந்து மாட்டுக்கே பயப்படாதவள், ஒரே ஓர் ஆளுக்குத்தான் பயப்படுவாள். அது அவளுடைய மூத்த டியூட்டர். படுக்கை விரிப்பின் மூலை சரியாக மடியவில்லை என்றால் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி விரிக்கச் சொல்வாராம். மறுபடியும் சரியில்லை என்றால் மறுபடியும் பிரிப்பாராம். "சரி, போ" என்ற வார்த்தையை அந்த வாயிலிருந்து கேட்ட பெண்ணே கல்லூரியில் இல்லை என்று சொல்வாள்.

அந்த டியூட்டருக்குத்தான் பக்கவாதம் வந்தது. இடப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு போகவில்லை, வலது கை நன்றாக இருந்தது, கால் சில மாதங்களில் தேறிவிட்டது. லேசாக இழுத்து இழுத்து நடப்பார். இடது கைதான் பாக்கி. விரல்களை மடக்குவார், விரிக்கச் சொன்னால் கை யோசிக்கும். எங்கள் துறைக்குப் பயிற்சிக்கு வந்தபோது அவரை என்னிடம் ஒப்படைத்தார்கள். அறையில் வந்து சொன்னதும் என் தோழி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அந்தம்மாவா? செத்தடி நீ. நான் உங்க டிபார்ட்மென்ட் பக்கமே வரமாட்டேன்" என்றாள்.

எங்கள் துறையில் ஓர் அறையைப் பொய் வீடாகவே அமைத்து வைத்திருப்பார்கள். கட்டில், பீரோ, அடுப்பு மேடை, தண்ணீர்க் குழாய் எல்லாம் இருக்கும். முதல் நாள் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து மேடம் தன் நிலைமையைச் சொன்னார். அவருடைய கணவர் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், நல்ல மனிதர். காலையில் அவர்தான் சேலை கட்டிவிடுகிறார். கூரியர்காரன் பார்சல் சுற்றுவது போலச் சுற்றிவிடுகிறார் என்றார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கையைத் தூக்கு, அந்தப் பக்கம் திரும்பு என்று எல்.கே.ஜி. பிள்ளையைப் போல நிற்க வேண்டியிருக்கிறது, அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார்.

இரண்டு மாதத்தில் நர்ஸிங் கல்லூரியில் விளக்கேற்றும் விழா வர இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண்கள் வார்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன் நடக்கிற விழா. மூத்த டியூட்டர் கையில் விளக்கோடு வந்து ஒவ்வொரு பெண்ணின் மெழுகுவர்த்தியையும் பற்றவைப்பார், அதன் பிறகு உறுதிமொழி எடுப்பார்கள். பல வருடங்களாக ஏற்றிவருபவர் மேடம்தான். இந்த வருடம் சுடிதாரில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தால் போதும், விளக்கை வேறு யாராவது ஏற்றிக்கொள்ளட்டும் என்று முதல்வர் அன்பாகத்தான் சொல்லியிருக்கிறார். அந்த அன்பு மேடத்துக்குப் பொறுக்கவில்லை.

"நானே சேலை கட்டிட்டு மேடை ஏறணும். யாரும் என்னையத் தொடக் கூடாது. முடியலேன்னா வேலைய ராஜினாமா பண்ணி எழுதிக் கொடுத்துட்டு வீட்டுல இருந்துக்கிருவேன்" என்றார்.

நான் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். சிகிச்சையின் இலக்கு என்ற இடத்தில், 'பிறர் உதவியின்றித் தானே சேலை உடுத்துவார்' என்று எழுதினேன். நோயாளிக்கு நாங்கள் மதிப்பெண் போடும் முறையும் அப்படித்தான். யார் உதவியும் இல்லாமல் செய்தால் முழு மதிப்பெண், ஆள் தொட்டால் குறையும். இறுதியாண்டில் அந்த முழு மதிப்பெண்ணைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாது. என் ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டு, "முழுசா தனியாவா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்று முதல் விடுதி அறையில் கூத்துதான். என் இடது கையைத் துப்பட்டாவால் இடுப்போடு கட்டிக்கொண்டு தோழியின் சேலையை ஒற்றைக் கையால் கட்டிப் பார்ப்பேன். சுற்றியதை இடுப்பில் செருகினால் கொசுவம் பிடிக்கக் கை இல்லை, கொசுவத்தைப் பிடித்தால் முந்தானை தரையில். அவள் கட்டிலில் புரண்டு சிரிப்பாள். கைபேசியில் ஒரே நிமிடத்தில் சேலை கட்டும் வீடியோக்களை எல்லாம் தேடித் தேடிப் பார்த்தோம். அத்தனை பேருக்கும் இரண்டு கையும் சுறுசுறுப்பாக இருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனாலும் கொஞ்சம் கொஞ்சமாக வழி பிறந்தது. உள்பாவாடையின் நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் வைத்தோம். விளக்குத்தூண் பக்கம் தையல் சாமான் கடையில் வெல்க்ரோ ஒட்டுப் பட்டை வாங்கி ஜாக்கெட்டின் கொக்கிகளுக்குப் பதிலாகத் தைத்தோம். முந்தானையை முன்கூட்டியே மடித்து ஊக்குக் குத்தி வைத்துக்கொண்டால் தோளில் எடுத்துப் போட்டால் போதும். கொசுவத்தை நின்றுகொண்டு பிடிக்காமல் மேசைமேல் விரித்து மடிப்பது என்று முடிவு செய்தோம். அப்போது என் ஆசிரியை எட்டிப் பார்த்து, அந்த இடது கையைச் சும்மா விட்டுவிடாதே, துணிமேல் எடுத்து வைக்கச் சொல், பாரமாகவாவது இருக்கட்டும் என்றார். மேடம் வலது கையால் இடது கையைத் தூக்கித் துணிமேல் வைத்தார். மடிப்பு நகரவில்லை. ஒவ்வொரு மடிப்பாக அடுக்கி, துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டி, எழுந்து நின்று இடுப்பில் செருகினார். செருகிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, ஆனால் கழுத்து கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. இந்தப் படிப்பில் சேர்ந்ததற்காக நான் முதன்முதலாகச் சந்தோஷப்பட்டது அந்த நிமிடத்தில்தான்.

இடையில் அவருடைய கணவர், பாவம், உதவுவதாக நினைத்து ஆன்லைனில் ஒரு ரெடிமேட் சேலை வாங்கிக்கொண்டு வந்தார். பாவாடை போல மாட்டி ஜிப்பை இழுத்துவிட்டால் முடிந்தது. மேடம் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஆண்டுவிழா டான்ஸுக்கு யார் வீட்டுப் பிள்ளைக்காவது கொடுங்க என்றுவிட்டார்.

கடைசியாக ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. விழாவுக்கு அவர் கட்டுவது கஞ்சி போட்ட வெள்ளைக் காட்டன் சேலை, மெல்லிய நீலக் கரை. கஞ்சித் துணி சொன்ன பேச்சைக் கேட்காது. மேலே ஒழுங்காகச் செருகினாலும் பாதத்தின் அருகே மடிப்புகள் ஒன்று ஏறி ஒன்று இறங்கி விசிறியாக விரியும். குனிந்து ஒவ்வொன்றாக இழுத்துச் சீராக்க வேண்டும். குனிந்தால் அவருக்கு உடம்பு இடப்பக்கம் சாயும். உட்கார்ந்து செய்து பார்த்தோம், எழுந்ததும் பழையபடி ஆனது. நீளமான இடுக்கி போல ஒன்றை வாங்கி அதால் இழுத்துப் பார்த்தோம், கொசுவமே உருவிக்கொண்டு வந்தது.

விழாவுக்குப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது, நான் தடுக்கத் தடுக்கக் குனிந்தார். சாய்ந்தார். நான் தாங்கிப் பிடித்ததில் இருவருமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அடி படவில்லை. அவர் தரையில் உட்கார்ந்தபடியே சேலையை உருவி என் மடியில் போட்டார்.

"மடிச்சு வை. போதும்" என்றார்.

அன்று சாயங்காலம் கூட்டிப் போக வந்த கணவர் என்னைத் தனியாக அழைத்து, விட்டுவிடும்மா, சுடிதாரிலேயே போகட்டும், விழுந்து கிழுந்து வைத்தால் அப்புறம் எழுந்திருக்க மாட்டாள் என்றார். மேடம் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிடுவார், அதற்கு நான்தான் வழி செய்தேன் என்று அன்றிரவு சோறு இறங்கவில்லை. தோழியும் அன்று என்னைக் கேலி செய்யவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் சித்தி மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தின் மணப்பெண் அறையில் கால் வைக்க இடமில்லை. வீட்டில் கட்டும் சேலையை எவளும் தானே சுற்றிக்கொண்டு வந்துவிடுவாள். பட்டு அப்படியா? அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு மூலையில் அரைகுறையாக நின்று, "ஏய், வந்து கொசுவத்தப் புடி" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சித்தி வந்தார். வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டு என் காலடியில் உட்கார்ந்து மடிப்பு மடிப்பாக நீவி இழுத்தார். நான் சும்மா நின்றேன். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் தொடையில் அடி விழுந்தது.

குனிந்து சித்தியின் வகிட்டைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. அறையைச் சுற்றிப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒவ்வொருத்தி காலடியிலும் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் நன்றாக இருக்கிற பெண்கள். இவர்களில் ஒருத்திக்கும் முழு மதிப்பெண் கிடையாதே என்று நினைத்தேன். யாருமே தனியாகச் செய்யாத ஒரு வேலையை, ஒரு கை விளங்காதவரைத் தனியாகச் செய்யச் சொல்லி ஒன்றரை மாதமாக உயிரை வாங்கிக்கொண்டிருந்தோம். நான் சிரித்துவிட்டேன். மறுபடியும் தொடையில் ஓர் அடி.

திங்கட்கிழமை இதை மேடத்திடம் சொன்னேன். மற்றதெல்லாம் நீங்களே செய்யுங்கள், அடிக் கொசுவத்தை மட்டும் யாராவது பிடிக்கட்டும் என்றேன். அவருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்னால முடியாதுன்னதும் இலக்க மாத்துறியா? பாஸாகணும்ல உனக்கு" என்றார்.

எனக்கும் கோபம் மூக்குக்கு மேல். பேஷண்ட்டிடம் குரல் உயர்த்தக் கூடாது என்று நாலு வருடமாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எல்லாம் பறந்துவிட்டது.

"ஸ்ட்ரோக் வாரதுக்கு முன்னாடி கஞ்சிச் சேலை கட்டுனீங்கள்ல, அப்ப உங்க கொசுவத்த யாரு மேடம் புடிச்சா?" என்றேன்.

பதிலுக்குத் திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

"அவருதான்" என்றார் கடைசியில். "பேப்பர் படிச்சுக்கிட்டே ஒத்தக் கையால இழுத்து விடுவாரு. கல்யாணம் ஆன நாள்லருந்து. அது எனக்கு நெனப்பே இல்ல பாரு."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. முகத்தில் இடப்பக்கம் கொஞ்சம் பின்தங்கி, பிறகு வந்து சேர்ந்துகொண்டது. எனக்கும் சிரிப்பு, அதோடு கண்ணில் தண்ணீர். ஆசிரியையிடம் போய் இலக்கை மாற்றி எழுதிக் கொடுத்தேன். தனக்கு வேண்டிய உதவியைத் தானே கேட்டுப் பெற்று உடுத்துவார் என்று. மதிப்பெண் குறையும், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். முன்பு போட்டதைவிடப் பெரிய கையெழுத்தாகப் போட்டார்.

இப்போது நான் கே.கே. நகரில் ஒரு சிகிச்சை மையத்தில் வேலை பார்க்கிறேன். யார் வந்தாலும் என்ன முடியவில்லை என்று கேட்பதற்கு முன்னால், நோய் வருவதற்கு முந்தி இதை யாரோடு செய்தீர்கள் என்று கேட்பேன். காய்கறி நறுக்கும்போது கூட யார் இருப்பார், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ யார் வண்டியில் போவீர்கள் என்று. பாதிப் பேருக்கு அதற்குப் பிறகுதான் வாய் திறக்கும். இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. தன் பிடிவாதத்தையும் கோபத்தையும் என்மேல் தாராளமாகக் கொட்டி, கற்றுக்குட்டியான என் கையில் தன்னை ஒப்படைத்த அந்த மேடத்திடமிருந்து கிடைத்தது. நர்ஸிங்கில் இடம் கிடைக்காமல் போனதற்காக இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

விழா நாளன்று காலையில் கணவர் போன் செய்தார். எல்லாம் அவளே கட்டிக்கொண்டாள், எனக்கு அடிக் கொசுவம் மட்டும்தான், அதற்கு மேலே கை வந்தால் தட்டிவிடுகிறாள் என்றார். பெருமையாகவே சொன்னார். நான் அரங்கின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். புது மாணவிகள் கையில் பற்றவைக்காத மெழுகுவர்த்தியோடு வரிசையாக நின்றார்கள். நேரமாகிக்கொண்டே இருந்தது. மேடையில் மேடத்தைக் காணவில்லை. முதல்வர் உள்ளே போய்விட்டு வந்தார், மறுபடியும் உள்ளே போனார். காரில் வந்ததில் சேலை குலைந்திருக்கும், கொசுவம் உருவிக்கொண்டிருக்கும், கணவரும் பெண்கள் அறைக்குள் போக முடியாது, மேடம் யாரிடமும் கேட்க மாட்டார் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போகலாமா என்று பார்த்தேன். நடுவில் இத்தனை வரிசை பெற்றோர்கள்.

அப்போது திரை விலகி மேடம் வந்தார். வலது கையில் விளக்கு. இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது. முந்தானை தோளில் அசையாமல் இருந்தது. கால் லேசாக இழுத்தது, ஆனால் கொசுவம் நடைக்கு நடை விரிந்து மூடியது, கரை ஒரு மடிப்பு ஏறாமல் இறங்காமல் நேர்கோடாக இருந்தது. ஒவ்வொரு பெண்ணிடமும் நின்று நின்று பற்றவைத்தார். அந்தப் பெண்களுக்கு அவரைப் பற்றி எதுவும் தெரியாது. எனக்குத்தான் எதுவும் சரியாகத் தெரியவில்லை, கண் அப்படி நிறைந்திருந்தது.

விழா முடிந்ததும் என் அறைத்தோழி கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மூத்த மாணவி என்று அவளை மேடைக்குப் பின்னால் வேலைக்குப் போட்டிருந்தார்கள். அவள் முகமெல்லாம் ஈரம். நடந்ததை மூச்சிரைக்கச் சொன்னாள். காரிலிருந்து இறங்கும்போதே கொசுவம் கசங்கிக் கோணலாகிவிட்டதாம். அறையில் அத்தனை டியூட்டர்களும் மாணவிகளும் நின்றும் கிட்டப் போக ஒருவருக்கும் தைரியமில்லை. மேடம் எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு இவளைத்தான் விரல் நீட்டிக் கூப்பிட்டாராம், வந்து கொசுவத்தைப் பிடி என்று.

"காலடியில உக்காந்தேன்டி. புடிச்சேன். சரியில்ல, விட்டுட்டு மறுபடி புடிங்கிறாக. மறுபடி புடிச்சேன். உள்மடிப்பு வெளிய தெரியுது, இதான் நீ நாலு வருசமாப் படிச்சியாங்கிறாக. வெளிய விழாவே நிக்குது, அந்தம்மா அசையல. மூணாவது தடவ புடிச்சதுக்கு அப்புறம் குனிஞ்சு பாத்துட்டு, 'சரி, போ'ன்னாக."

அவள் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"வந்துட்டாகடி. எங்க மேடம் திரும்பி வந்துட்டாக."

அந்த நெரிசலில் நாங்கள் இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதோம்.